அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்: வாக்கியம் முழுசாகக் கிடைக்கும், துணிச்சல் பாதிதான்

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் அனுப்பும் லிங்க் இதுதான்: மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க். ஜான் மோர்லி தொகுத்தது. இலவசம், கணக்கு தொடங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் பிடிஎஃப் ஒன்றும் உண்டு, ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தளத்தில் இருப்பதே போதும்.

உள்ளே இருப்பவை பாதி வாக்கியங்கள். ஆய்வை அறிமுகம் செய்வது, முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடுவது, முறையை விவரிப்பது, முடிவுகளைச் சொல்வது, விவாதிப்பது என்று ஆய்வேட்டின் வரிசையிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போய், தேவையானதை எடுத்து, விஷயத்தை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்தது வாக்கியங்களின் தரம் கூட இல்லை, அவை வந்த இடம். முதலில் இவற்றைத் திரட்டியது அதே பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர்கள் எழுதிய 100 ஆய்வேடுகளிலிருந்து. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரையில், 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை வருவதற்கு நான்கு வழிகள் சொல்கிறார்: தானே செய்து முடித்த அனுபவம், இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பு காட்டும் பதற்றம் அல்லது நிதானம். இவற்றில் முதலாவதுதான் வலுவானது. நம் கல்லூரிகளில் தாராளமாகக் கிடைப்பதோ மூன்றாவது, "உன்னால முடியும்பா, எழுது" என்று சொல்லிவிட்டு கைடு மீட்டிங்குக்குக் கிளம்பிவிடுவார். பார்க்கிற ஆள் நம்மைப் போலவே இருந்தால் இரண்டாவது வழி இன்னும் நன்றாக வேலை செய்யும். நோபல் வாங்கியவரின் நடையைக் காட்டினால் மாணவர் மிரண்டுதான் போவார், இன்னொரு மாணவர் எழுதிய வரியைக் காட்டினால் 'இவ்வளவுதானா, இதை நானும் எழுதலாமே' என்று தோன்றும்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் ஸ்காலர்களிடம் இதன் பலனை நேரடியாகப் பார்க்கலாம். "சார், எனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஆரம்பிப்பார்கள். பேசவிட்டுக் கேட்டால் சேகரித்த தரவைப் பற்றி அரை மணி நேரம் தெளிவாக விளக்குவார்கள், எழுதச் சொன்னால் மட்டும் வேறு யாரோ எழுதிய பத்தி அப்படியே வந்து உட்காரும். இதைச் சோம்பேறித்தனம் என்றோ திருட்டு என்றோ சொல்லிவிடுவது சுலபம். சிலரிடம் அதுவும் உண்டுதான். ஆனால் நிறையப் பேர் காப்பி அடிப்பது, 'அவர் எழுதியதை விட நான் என்ன நன்றாக எழுதிவிடப் போகிறேன்' என்று உண்மையாகவே நம்புவதால். அவர்கள் கையில் உள்ளடக்கம் இல்லாத பாதி வாக்கியம் ஒன்றைக் கொடுத்தால், மீதியை அவர்களே எழுதித்தான் ஆக வேண்டும், அங்கே எடுத்துப் போட வேறு யாருடைய கருத்தும் இல்லை. அப்படி ஒரு பத்தி முடிந்தால் அது பண்டூரா சொன்ன முதல் வகை அனுபவம், சின்ன அளவில்.

"இதை எடுத்துப் போட்டால் சிமிலாரிட்டி ஏறாதா?" என்று, அதாவது காப்பி அடித்ததைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் காட்டும் ஒப்புமை சதவீதத்தைப் பற்றி, எல்லோரும் கேட்கிறார்கள். இவை பொதுவான சொற்றொடர்கள், யாருடைய கருத்தும் இவற்றில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையும் ஒப்புமையைச் சரிபார்க்கும்போது பொதுவான சொற்களையும், தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரையிலான பகுதிகளையும் விலக்கச் சொல்கிறது. பயப்பட வேண்டாம்.

சிறந்த பிரிவு எது என்றால் விமர்சனம் செய்வதற்கான பிரிவுதான். நம் ஊர் ஆய்வேடுகளில் முந்தைய ஆய்வுகளைப் பற்றிய இரண்டாம் இயலைத் திறந்தால் பத்திக்கு ஒரு ஆசிரியர், 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்று முப்பது பக்கம் ஓடும், எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று கடைசி வரை தெரியாது. கேட்டால், "அவங்கல்லாம் பெரிய ஆளுங்க, நான் எப்படிங்க குறை சொல்றது?" இந்தப் பிரிவு, ஒரு ஆய்வின் மாதிரி அளவு சிறியது என்றோ, அது ஒரு கேள்வியைத் தொடவே இல்லை என்றோ, மரியாதை குறையாமல் சொல்ல வழி காட்டுகிறது. வழி தெரிந்ததும் கருத்தும் வெளியே வருகிறது. கருத்து முன்பே உள்ளே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கே தெரிகிறது.

குறைகளும் உண்டு. நிதானமாகச் சொல்வதற்கான வாக்கியங்களுக்கு இதில் தனிப் பிரிவு இருக்கிறது: 'இருக்கலாம்', 'தோன்றுகிறது', 'ஒருவேளை' என்கிற மாதிரி. ஏற்கெனவே பயந்தவர் கையில் இது கிடைத்தால் தீர்ந்தது. தன் கையால் எண்ணிய எண்ணிக்கையைக் கூட 'இருக்கக்கூடும் என்று கருதலாம்' என்று எழுதி வைப்பார். எங்கே உறுதியாகச் சொல்வது, எங்கே தணிப்பது என்று தளம் சொல்லித் தராது. அப்புறம், எல்லா இயலும் 'திஸ் ஸ்டடி எய்ம்ஸ் டு' என்று தொடங்கும் நோய் ஒன்று இருக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வகை மாணவர்களுக்கு இது சுத்தமாக உதவாது. தான் எழுதியது ஏற்கெனவே பிரமாதம் என்று நம்புகிறவர்கள். அவர்களுக்கு வாக்கியமும் வரும், துணிச்சலும் உண்டு, திருத்தி எழுதும் பழக்கம்தான் இல்லை. அவர்களுக்குத் தேவை பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிற ஒரு ஆள்.

சொல்லப்போனால் அந்த ஆள் எல்லோருக்கும் தேவை. ஓரத்தில் 'ரீரைட்' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தால் மாணவர் அதை 'உனக்கு வராது' என்றுதான் படிப்பார். எந்த வரி புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். எந்த வெப்சைட்டும் அதைச் செய்யாது, இதுவும்தான்.

பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்தாவது, தப்பும் தவறுமாகவாவது முதல் வரைவை முடித்துவிட்டு, எங்கே சிக்குகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் இங்கே வாருங்கள். வாக்கியத்தை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ற கருத்தைத் தேடினால் அது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இதனால் பெரிய உதவி இல்லை. தமிழ்த்துறை ஆய்வேடுகள் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் கொட்டிக் கிடக்கின்றன, அவற்றில் நல்லதாக 100 எடுத்து இதே மாதிரி ஒன்றைச் செய்ய ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தால் முதல் விமர்சனத்தை நானே எழுதுகிறேன்.