மெயில் சர்வேக்குப் பதில் வேண்டுமா: குலுக்கல் பரிசா, முன்கூட்டியே சிறு தொகையா?

மெயிலில் சர்வே அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் "பதில் சொல்லுங்கள், குலுக்கலில் டேப்லெட் வெல்லுங்கள்" என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். அனுப்புகிறவருக்கு இது மலிவு, எத்தனை பேருக்குப் போனாலும் ஒரே பரிசுதான். ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் கை போவது ஸ்பேம் பட்டனுக்கு. லாட்டரி விழுந்ததாக வரும் மோசடி மெயிலும் அச்சு அசலாக இப்படித்தானே இருக்கிறது!

இன்னொரு வழி, பதில் வருவதற்கு முன்பே எல்லாருக்கும் சின்னதாக ஏதாவது கொடுத்துவிடுவது. வீண்செலவு போலத் தெரியும், ஆனால் பலன் தருவது இதுதான். 1992இல் ஜேம்ஸ், போல்ஸ்டீன் இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் சிறு கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது. நிரப்பி அனுப்பினால் 50 டாலர் என்ற வாக்குறுதியைவிட, உறைக்குள்ளேயே வைத்த 1 டாலர் நோட்டுக்குத்தான் கூடுதல் பதில் வந்தது. கைநீட்டி வாங்கிய பிறகு சும்மா இருக்க மனசு வராது, அனுப்பியவர் நம்மை நம்பியிருக்கிறார் என்பதும் தெரிகிறது.

மெயிலில் நோட்டை வைக்க முடியாது, சரி. கூப்பன் அனுப்பலாம், அதற்கும் ஒரு லிங்க்கைத் தட்டச் சொன்னால் மறுபடி சந்தேகம்தான். வீட்டு முகவரி இருந்தால் முதலில் பணத்தோடு ஒரு கடிதம், சில நாளில் சர்வே லிங்க்கோடு மெயில். முகவரி இல்லையென்றால் கூப்பன் எண்ணை மெயிலிலேயே கண்ணில் படும்படி எழுதுங்கள், எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குலுக்கலுக்கு ஒதுக்கிய பணத்தை இப்படிப் பிரித்துக் கொடுப்பதற்கே என் ஓட்டு.