லீட்ஸா, நியூகாசிலா? 24 மதிப்பெண்ணும் 15 உள்ளாட்சி மன்றங்களும்

லீட்ஸ் 401, நியூகாசில் 425. குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும் இரண்டு ஆங்கிலேய மருத்துவமனைகளுக்கு ஒரு நிபுணர் குழு போட்ட மதிப்பெண்கள் இவை. வித்தியாசம் 24. 2012 ஜூலை 4 அன்று, லீட்ஸில் அந்த அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டு நியூகாசிலில் தொடர்வது என்று அரசு மருத்துவச் சேவையின் (NHS) குழு ஒன்று முடிவெடுத்தது. அந்த 24 எதிலே கூடியது, எதிலே குறைந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. கேட்டவர்களில் முக்கியமானவர்கள், யார்க்‌ஷையர், ஹம்பர் பகுதியின் 15 உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து அமைத்திருந்த, சுகாதார அதிகாரிகளின் முடிவுகளைக் கேள்வி கேட்டு ஆராயும் ஆய்வுக் குழுவின் கவுன்சிலர்கள்.

நாட்டில் இந்த அறுவை நடக்கும் மையங்களைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் 1991 முதல் 1995 வரை, இதய அறுவை செய்துகொண்ட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று 2001இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. பிறவி இதயக் குறைபாட்டுக்கான அறுவை மிக நுணுக்கமான வேலை. சில சமயம் இதயமே ஒரு வால்நட் அளவுதான் இருக்கும். கை பழகப் பழகத்தான் தேறும். ஒரு மையத்தில் இரண்டே நிபுணர்கள் இருந்து, ஒருவர் விடுப்பில் போனால், நள்ளிரவில் வரும் குழந்தைக்கு யார் இருப்பார்? அதனால்தான் 2008இல் தொடங்கிய மறுஆய்வு, மையத்துக்கு நான்கு நிபுணர்கள், ஆண்டுக்குக் குறைந்தது 400 அறுவைகள் என்று அளவு வைத்தது. அந்த அளவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி, எதை மூடுவது என்பதில்தான்.

2011இல் மக்கள் முன் நான்கு திட்டங்களை வைத்தார்கள். மூன்றில் நியூகாசில் இருந்தது, ஒன்றில் மட்டும் லீட்ஸ். இரண்டும் சேர்ந்து இருக்கும் திட்டம் எதுவும் இல்லை. வட இங்கிலாந்துக்காரர்களுக்கு இது தொடக்கத்திலேயே உறுத்தியது.

இனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நியூகாசிலின் ஃப்ரீமன் மருத்துவமனையின் பெரிய பலம் இதய மாற்று. பிரிட்டன் முழுவதிலும் குழந்தைகளுக்கு இதய மாற்று செய்வது இரண்டே இடங்கள்: லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட், அப்புறம் ஃப்ரீமன். இதயம் செயலிழந்த குழந்தையை, தானம் கிடைக்கும் வரை இயந்திரத்தின் உதவியோடு வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் திறமை ஒரு நாளில் வருவதில்லை. வழக்கமான அறுவைகளை நிறுத்திவிட்டு மாற்று அறுவையை மட்டும் அங்கே விட்டுவைக்க முடியாது. இரண்டையும் செய்வது ஒரே கைகள். மாற்று அறுவையை வேறு ஊருக்குக் கொண்டுபோனால், அந்த அணி மறுபடி உருவாக ஆண்டுகள் ஆகும். இதற்கு லீட்ஸ் தரப்பில் நல்ல பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

லீட்ஸின் பலம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஹல் நகரத்தில் பிறக்கும் ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்து சில மணி நேரத்தில் உதடு நீலமாகிறது. பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறந்திருக்கின்றன, சில நாளுக்குள் அறுவை வேண்டும். அம்மா சிசேரியன் தையலோடு படுத்திருக்கிறாள். ஹல்லிலிருந்து லீட்ஸ் 100 கிலோமீட்டருக்குள், நியூகாசில் 200க்கும் மேல். ஆம்புலன்ஸ் போய்விடும், சரி. ஆனால் அப்பா எந்த ஊரில் இருப்பார்? வீட்டில் இருக்கிற மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள்? அறுவை முடிந்து மூன்றாம் நாள் குழந்தையின் வயிறு வீங்கி, குடலில் சிக்கல் என்று சந்தேகம் வந்தால் என்ன நடக்கும்? லீட்ஸ் ஜெனரல் இன்ஃபர்மரியில் குழந்தைகளுக்கான குடல் அறுவை நிபுணரும் சிறுநீரக மருத்துவரும் பிரசவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஃப்ரீமனில் குழந்தைகளுக்கு இதயப் பிரிவு மட்டும்தான். அவர்களுக்கான மற்ற சிறப்புப் பிரிவுகள் நகரத்தின் இன்னொரு பக்கம், ராயல் விக்டோரியா இன்ஃபர்மரியில். நிபுணர் காரில் ஏறி வரவேண்டும், இல்லையென்றால் குழந்தையை எடுத்துப் போகவேண்டும்.

என் கணக்கில் இந்த ஒரு விஷயம் 24 மதிப்பெண்ணைவிடக் கனமானது. பிறவி இதயக் குறைபாட்டோடு வரும் குழந்தைகளில் பலருக்கு இதயத்தோடு பிரச்சினை முடிவதில்லை.

மக்கள்தொகையும் லீட்ஸ் பக்கம்தான். 2011 கணக்கெடுப்பில் யார்க்‌ஷையர், ஹம்பர் பகுதியில் சுமார் 53 லட்சம் பேர், நியூகாசில் இருக்கும் வடகிழக்கில் 26 லட்சம். அப்போது இரண்டு மையங்களுமே 400ஐத் தொடவில்லை. ஷெஃபீல்ட், டான்காஸ்டர், வேக்ஃபீல்ட், லீட்ஸ் குழந்தைகள் வடக்கே போனால்தான் நியூகாசில் அந்த எண்ணை எட்டும். அவர்கள் போவார்களா? லீட்ஸில் இல்லையென்றால் லிவர்பூலுக்கோ பர்மிங்ஹாமுக்கோதான் போவோம் என்பதே அந்தப் பக்கப் பெற்றோர் பலரின் எண்ணம். அப்படி நடந்தால் நியூகாசிலும் 400க்குக் கீழேயே நின்றுவிடும், லீட்ஸும் போயிருக்கும். கவுன்சிலர் குழு இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. யார்க்‌ஷையரில் ஆறு லட்சம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் 425, 401 என்ற எண்கள் நின்றன. அவை தரத்துக்கான மதிப்பெண்கள், முடிவில் தரம் என்ற அளவுகோலுக்குத்தான் அதிக எடை. ஒவ்வொரு தலைப்பிலும் எத்தனை மதிப்பெண் என்று பிரித்துக் காட்டும் தாளைக் கவுன்சிலர்கள் கேட்டார்கள். முடிவெடுக்கும் குழுவே அந்தத் தாளைப் பார்க்கவில்லை, அதனால் வெளியிடத் தேவையில்லை என்று பதில் வந்தது. எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இது. பள்ளிக்கூடத்தில்கூடப் பிள்ளைக்கு மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை.

இதற்கு எதிராக இரண்டு வழிகள் திறந்திருந்தன, லீட்ஸ் தரப்பினர் இரண்டிலும் போனார்கள். ஒன்று நீதிமன்றம். 2013 மார்ச் 7 அன்று நீதிபதி நிக்கோலா டேவிஸ், அந்த விவரங்களை மறைத்து நடத்திய கருத்துக்கேட்பு முறையானதல்ல என்று தீர்ப்பளித்தார். மார்ச் 27 அன்று முடிவு ரத்தானது. மறுநாளே, இறப்பு விகிதம் பற்றிய முழுமையடையாத புள்ளிவிவரங்களை வைத்து லீட்ஸில் அறுவையை நிறுத்திவைத்தார்கள். அறுவைக்கு நாள் குறித்திருந்த குடும்பங்கள் பரிதவித்தன. ஏப்ரல் 10 அன்றுதான் மறுபடி தொடங்கியது.

இன்னொரு வழி கவுன்சிலர்களுடையது. பெரிய சுகாதார மாற்றம் தங்கள் மக்களுக்கு நல்லதல்ல என்று நினைத்தால், உள்ளாட்சி ஆய்வுக் குழு அதைச் சுகாதார அமைச்சருக்கு அனுப்பி மறுபரிசீலனை கோர அன்று சட்டத்தில் இடம் இருந்தது. யார்க்‌ஷையர், ஹம்பர் குழு அனுப்பியது. லிங்கன்ஷையரும் லெஸ்டர் பக்கமும் அனுப்பின. அமைச்சர் அதைத் தனி ஆலோசனைக் குழுவிடம் கொடுத்தார். 2013 ஜூன் 12 அன்று, அந்தக் குழுவின் அறிக்கையை ஏற்று, அமைச்சர் ஜெரமி ஹன்ட் நாடாளுமன்றத்தில் மொத்தத் திட்டத்தையும் நிறுத்தினார்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்டால் எனக்குக் கவுன்சிலர் வழிதான் பெரிதாகப் படுகிறது. நீதிமன்றம் நடைமுறையை மட்டும் பார்க்கும், வழக்கு நடத்தப் பணமும் வேண்டும். ஹல் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதி சொல்ல மாட்டார். கவுன்சிலர்கள் மருத்துவர்களைக் கூப்பிட்டு வைத்து, பெற்றோர் முன்னிலையில், தூரத்தையும் நோயாளி எண்ணிக்கையையும் கேட்டார்கள். ஆலோசனைக் குழுவின் அறிக்கையும் அந்தக் கேள்விகளுக்குள் இறங்கியது.

அப்புறம் என்ன ஆனது? 2017 நவம்பர் 30 அன்று வந்த அடுத்த முடிவில் லீட்ஸும் நியூகாசிலும் இரண்டுமே நீடித்தன. ஒரே வளாகம் என்ற விதியில் நியூகாசில் தேறவில்லை என்றாலும், இதய மாற்றை நினைத்து அதற்கு அவகாசம் கொடுத்தார்கள். 2012 முடிவு மூடச் சொன்ன லெஸ்டரும் பிழைத்தது. 2021இல் அதன் இதயப் பிரிவு கிளென்ஃபீல்டிலிருந்து மற்றக் குழந்தைகள் பிரிவுகள் இருக்கும் ராயல் இன்ஃபர்மரிக்கு மாறியது. மூடுவதைத் தவிர வேறு வழியும் இருந்தது.

பின்னர் அதே கேள்வி தென் லண்டனில், குழந்தைகள் புற்றுநோய்ச் சிகிச்சையில் எழுந்தது. ராயல் மார்ஸ்டன் புற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாததால் சேவையை வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. போட்டியில் இருந்தவை எவலினா குழந்தைகள் மருத்துவமனையும், டூட்டிங்கின் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனையும். 2024 மார்ச் 14 அன்று எவலினா தேர்வானது. செயின்ட் ஜார்ஜஸில் குழந்தைகளுக்கான மூளை அறுவை இருக்கிறது, எவலினாவில் இல்லை. அதைச் சுட்டிக்காட்டி உள்ளூர்க் கவுன்சிலர்கள் எதிர்த்தார்கள். ஆனால் அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜனவரி 31 அன்று, சட்டம் மாறிவிட்டது. ஆய்வுக் குழு இன்னும் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம், தாள்களைக் கேட்கலாம். ஆனால் அமைச்சருக்கு முறையாக அனுப்பும் பழைய அதிகாரம் அதற்கு இல்லை. அமைச்சர் தலையிட வேண்டும் என்று கோரி இப்போது யார் வேண்டுமானாலும் எழுதலாம். 15 மன்றங்கள் சேர்ந்து எழுதினாலும் அது அந்தக் கடிதங்களில் ஒன்றாகத்தான் போய்ச் சேரும்.