பெட் சவுண்ட்ஸ்: மோனோவா, ஸ்டீரியோவா?

பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாப் இசைக்குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை நான் முதலில் கேட்டது ஒரு கேசட்டில். நண்பரின் அண்ணன் வைத்திருந்த எல்பியிலிருந்து பதிவு செய்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் ஐந்தாறு பேர் பாட, கூடத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்கும். பாட்டுகள் பிடித்துப்போனதால் அந்த மங்கலும் பிடித்துப்போனது. ஆல்பம் வந்த 1966-ல் எல்லோரும் இப்படித்தான் பதிந்திருப்பார்கள் போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து, ரீமாஸ்டர் செய்த மறுவெளியீட்டை வாங்கினேன். ஒரே தட்டில் 13 பாட்டும் முதலில் மோனோவில் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி), பிறகு அதே 13 பாட்டும் ஸ்டீரியோவில் (இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எனப் பிரிந்த ஒலி). இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் மனசு ஊசலாடி, கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மோனோ. ஆனால் ஸ்டீரியோ என்னைச் சுலபமாக விடவில்லை.

முதலில் அந்தக் கேசட் விவகாரம். அந்த எல்பி ‘டியோஃபோனிக்’ வகை. உறையில் ஸ்டீரியோ என்று போட்டால்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில், மோனோ பதிவையே எடுத்து ஒரு பக்கம் கனத்த ஒலியைத் தூக்கி, மறுபக்கம் மெல்லிய ஒலியைத் தூக்கி, இரண்டுக்கும் நடுவில் இம்மியளவு தாமதம் வைத்துவிடுவார்கள். காதுக்கு ஏதோ விரிந்ததுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் பிரிந்திருக்காது, குழம்பித்தான் இருக்கும். கூட்டுக்குரலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை, ஒரே குரலின் அடிப்பகுதி இடப்பக்கமும் நுனி வலப்பக்கமும் கிடக்கும். பழைய எல்பி தேடுகிறவர்கள் உறையில் அந்தச் சொல்லைப் பார்த்தால், சுவரில் மாட்டுவதற்கென்றால் மட்டும் வாங்கலாம்.

1990-ல் வந்த முதல் சிடி மோனோதான். கூடுதலாக வெளிவராத சில பதிவுகளும் அதில் உண்டு. அதை இரவல் வாங்கி ஒரு வாரம் கேட்டதோடு சரி, அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். நாடா இரைச்சலை நீக்குவதற்கு அப்போது புதிதாக வந்திருந்த முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். இரைச்சல் போனதோடு குரல்களைச் சுற்றியிருந்த காற்றும் கொஞ்சம் போனதுபோல் எனக்குத் தோன்றியது. விலை மலிவாகக் கிடைத்தால் தப்பில்லை.

இப்போது உண்மையான போட்டி. இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மறுவெளியீட்டில் இருக்கும் மோனோ, ரீமாஸ்டர். அதாவது தனித்தனியாகப் பதிந்த குரல்களையும் வாத்தியங்களையும் சேர்த்து 1966-ல் செய்து முடித்த கலவையை, மூல நாடாவிலிருந்து இன்னும் நல்ல கருவிகளால் எடுத்து, தட்டுக்கு ஏற்றபடி சரிசெய்தது. ஸ்டீரியோ, ரீமிக்ஸ். கலவையையே முதலிலிருந்து மறுபடி செய்தது. உறையில் இரண்டுமே ‘ரீமாஸ்டர்’ என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிடுவதால், ஏதோ ஒரே பொருளின் இரண்டு அளவுகள்போல் தோன்றும். அவை இரண்டு வேறு வேலைகள்.

ஏன் மறுபடி கலக்க வேண்டியிருந்தது என்பதற்கு ஆல்பம் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். 1966 ஜனவரியில் குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தது. குழுவின் பாடல்களுக்கு இசையமைத்த பிரையன் வில்சன் மட்டும் லாஸ் ஏஞ்சலஸில் தங்கி, வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸ் போன்ற ஒலிப்பதிவுக் கூடங்களில், ஹால் பிளெய்ன், கரோல் கே முதலிய தொழில்முறைக் கலைஞர்களை வைத்து இசைப் பின்னணியைப் பதிந்துகொண்டிருந்தார். வரிகளுக்கு டோனி ஆஷர், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் திரும்பி வந்ததும் குரல்கள். வாத்தியங்களை மூன்று நான்கு தடங்களில் (ஒரே நாடாவில் பக்கம் பக்கமாக ஓடும் தனித்தனிப் பதிவுகள்) பதிந்து, அவற்றை ஒன்றாகச் சுருக்கி வேறொரு நாடாவின் ஒரே தடத்தில் ஏற்றிவிடுவார். மிச்சத் தடங்கள் முழுக்கக் குரல்களுக்கு. கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டுத் தடக் கருவி இருந்ததால், வாத்தியத்துக்கு ஒன்று போக ஏழு தடம் குரலுக்கே கிடைத்தது. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே மோனோ நாடா.

பிரையனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. அதனால்தான் மோனோ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது பாதிக் காரணம்தான். அன்றைக்குக் கார் வானொலியிலும் பிள்ளைகளின் சின்ன ரெக்கார்ட் பிளேயரிலும் ஒலித்ததெல்லாம் மோனோ. கேட்பவர் எங்கே உட்கார்ந்தாலும் தான் கேட்டதே அவருக்கும் கேட்க வேண்டும் என்றால் அதுதான் வழி.

1990-களில் மார்க் லினெட் என்ற ஒலிப்பதிவாளர், வாத்தியங்களின் முதல் நாடாவையும் குரல்களின் நாடாவையும் டிஜிட்டலில் ஏற்றி, இரண்டும் பிசகாமல் ஒன்றாக ஓடும்படி இணைத்து, முழு ஆல்பத்துக்கும் ஸ்டீரியோ கலவை செய்தார். பிரையனின் ஒப்புதலோடு அது 1997-ல் ஒரு பெட்டித் தொகுப்பில் வந்தது. பிறகு மோனோவோடு சேர்த்து ஒரே சிடியில். இதில் ஒரு நியாயமான அனுகூலம் இருக்கிறது, மறைக்கக்கூடாது: மோனோவில் வாத்தியங்கள் ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகி வந்தவை. ஸ்டீரியோவில் அந்த நகலெடுப்பு ஒரு படி குறைவு. தெளிவு கூடுவது கற்பனை இல்லை.

ஸ்டீரியோவை முதலில் கேட்ட ராத்திரி, ஹெட்போனைக் கழற்றவே மனசு வரவில்லை. ‘காட் ஒன்லி நோஸ்’ பாட்டின் முடிவில் குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வருமே, அந்த இடம். முன்குரல் கார்ல் வில்சன். முடிவில் சுற்றுவது பிரையனும் புரூஸ் ஜான்ஸ்டனும். இத்தனை வருஷம் ஒரே மேகமாகக் கேட்ட இடத்தில், யார் முதலில் நுழைகிறார், யார் மேலே ஏறுகிறார் என்று விரல் வைத்துக் காட்டலாம்போல் இருந்தது. ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மி’யில் சைக்கிள் மணி எங்கே அடிக்கிறது என்றுகூடத் தெரிந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், மோனோவெல்லாம் பழம்பெருமை, ஸ்டீரியோ வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஒரு மாதம் போனது. அப்புறம் ஒன்றைக் கவனித்தேன்: ஸ்டீரியோவைக் கேட்டு முடித்தால், என்னென்ன கேட்டேன் என்று பட்டியல் போட முடிகிறது. ஆனால் பாட்டு நாள் முழுக்க மனதில் ஓடுவதில்லை. மோனோவைக் கேட்ட நாளில் அது நடக்கிறது. இது வெறும் பழக்கதோஷமா என்று எனக்கே சந்தேகம் வந்து, சத்தத்தை இரண்டுக்கும் ஒரே அளவில் வைத்து (இது முக்கியம், கொஞ்சம் உரக்கக் கேட்பதைக் காது ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும்) பாட்டுப் பாட்டாகக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

பிரையன் வாத்தியங்களை அடுக்கவில்லை, கரைத்திருக்கிறார். ஒரே வரியை இரண்டு மூன்று வாத்தியங்களுக்குக் கொடுத்து, அவை சேரும்போது பிறக்கிற நான்காவது ஒலியைத்தான் அவர் பயன்படுத்துகிறார். ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மி’யின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவின் உள்ளே கம்பிகளைக் கையால் மீட்டி, அதே சுரத்தில் ஒரு குரலையும் சேர்த்த ஒலி அது. முதல்முறை கேட்கிறவர் அது பியானோ என்றும் சொல்லமாட்டார், மனிதக் குரல் என்றும் சொல்லமாட்டார், பெயர் தெரியாத ஏதோ ஒரு வாத்தியம் என்பார். ‘வுடன்ட் இட் பி நைஸ்’ பாட்டில் இரண்டு அக்கார்டியன்கள் துடிக்கும். மோனோவில் நான் அவற்றை அக்கார்டியன் என்று அடையாளம் கண்டதே இல்லை, பாட்டுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதுபோல்தான் கேட்டேன். ஸ்டீரியோவில் அவை அக்கார்டியன்கள். தெரிந்த பிறகு அந்த நெஞ்சுத்துடிப்பு போய்விட்டது.

குரல்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிரையன், கார்ல், டெனிஸ் மூவரும் அண்ணன் தம்பிகள். மைக் லவ் அவர்களின் உறவுக்காரப் பையன். அல் ஜார்டின் கூடப் படித்தவர். புரூஸ் பிறகு சேர்ந்தவர். பெரும்பாலும் ஒரே குடும்பத்துக் குரல்கள் என்பதால் இயல்பாகவே ஒன்றோடொன்று ஒட்டும். பிரையன் சின்ன வயதில் ஃபோர் ஃப்ரெஷ்மென் என்ற குரல் குழுவின் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கற்றுக்கொண்டவர். பிரிக்கத் தெரிந்தவர்தான் இப்படிச் சேர்த்திருக்கிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை நம் ஆட்கள் மெச்சுவது வழக்கம். இந்த ஆல்பத்தில் அன்னத்துக்கு வேலை இல்லை. ஸ்டீரியோ கலவை எவ்வளவு அக்கறையோடு செய்யப்பட்டிருந்தாலும் அது ஓர் அன்னம்தான்.

அதோடு, சில குரல்கள் ஸ்டீரியோவுக்கு வந்து சேரவே இல்லை. கடைசி நேரத்தில் சேர்த்த சில பகுதிகள், கிடைத்த பல தட நாடாக்களில் இல்லை. அதனால் 1997 கலவையில் ‘வுடன்ட் இட் பி நைஸ்’ பாட்டின் நடுப்பகுதியில் மைக் லவ் பாட வேண்டிய வரிகளைப் பிரையன் பாடுவார். ‘யூ ஸ்டில் பிலீவ் இன் மி’யில் இரட்டித்துப் பதிந்த முன்குரல் ஒற்றையாக நிற்கும். முதலாவதைப் பின்னால் வந்த பதிப்புகளில் சரிசெய்தார்கள். ஆகவே பழைய பிரதி வாங்குகிறவர்கள் அந்த நடுப்பகுதியைக் கேட்டே எந்தக் கலவை என்று கண்டுபிடித்துவிடலாம்.

மோனோவில் குறையே இல்லையா? இருக்கிறது. ‘ஹியர் டுடே’ பாட்டின் நடுவே வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்தில், பின்னால் யாரோ கேமராவைப் பற்றிப் பேசுவதும், நாடாவை முதலிலிருந்து ஓட்டச் சொல்லிப் பிரையன் குரல் கொடுப்பதும் மெலிதாகக் கேட்கும். குரல் பதிவின்போது மைக்கில் விழுந்த பேச்சு. அப்படியே விட்டுவிட்டார்கள். கேசட் காலத்தில் எனக்கு அது கேட்டதே இல்லை. ரீமாஸ்டரில் பளிச்சென்று கேட்கிறது. ஸ்டீரியோவில் துடைத்துவிட்டார்கள். சுத்தத்தை வைத்து மதிப்பெண் போட்டால் ஸ்டீரியோவுக்குத்தான் போகும். எனக்கோ அந்த இடம் வரும்போது கொஞ்சம் சத்தம் கூட்டிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

இன்னும் இரண்டு இடங்களில் ஸ்டீரியோவுக்கு என் ஓட்டு. ஒன்று, குரலே இல்லாத ‘லெட்ஸ் கோ அவே ஃபார் அவைல்’. அங்கே வாத்தியங்கள் விரிந்து நிற்பது அழகாகவே இருக்கிறது. இன்னொன்று, ஹெட்போன். மோனோவை ஹெட்போனில் கேட்டால் எல்லாம் மண்டைக்கு நடுவில் ஒரு புள்ளியில் குவிந்து நிற்கும், அரை மணி நேரத்தில் அலுப்புத் தட்டும். அறைக்குள் காற்றில் கலந்து வர வேண்டிய ஒலி அது. பயணத்தில், நடையில், ஹெட்போனிலேயே இசை கேட்பவர் என்றால் நான் மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஸ்டீரியோவையே எடுங்கள். குழுவில் பாடுகிறவர்கள் தங்கள் குரலுக்கான வரியைக் கற்றுக்கொள்ளவும் அதுதான் வசதி. செயலிகளில் கேட்பதானால் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் எது என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023-ல் ஜைல்ஸ் மார்ட்டின் என்ற இசைத் தயாரிப்பாளர் செய்த டால்பி அட்மாஸ் கலவையும் இருக்கிறது, ஒலி எல்லாப் பக்கமிருந்தும் சூழ்ந்து வரும்படி செய்தது. நான்கு புறமும் தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கும் ஏற்பாடு என்னிடம் இல்லை. ஹெட்போனில் மட்டும் இரண்டு தடவை கேட்டேன், குரல்கள் இன்னும் விலகிப்போனதாகப் பட்டது. அதற்கான அறையில் கேட்டவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். புதிதாக வெட்டிய மோனோ எல்பியைப் பற்றியும் அப்படித்தான், ஒரே ஒரு மாலை நண்பர் வீட்டில் கேட்டது. நன்றாக இருந்தது. சிடியைவிட நன்றாக இருந்ததா, அந்த மாலையே நன்றாக இருந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மோனோவுக்கு நான் செய்த ஒரே செலவில்லாத காரியம், ஒரு ஸ்பீக்கரின் வயரைக் கழற்றியது. இரண்டு ஸ்பீக்கரில் மோனோ ஓடினால் பாட்டு நடுவில் அந்தரத்தில் தொங்கும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அசையும். ஒன்றில் ஓடினால் அது ஓர் இடத்தில் ஊன்றி நிற்கிறது, அறையில் எங்கே நடந்தாலும் அதே பாட்டு. கழற்றியது வலது பக்கம். பிரையனை நினைத்துச் செய்ததில்லை, கை எட்டியது அதுதான். ஸ்டீரியோ கேட்க வேண்டுமானால் எழுந்துபோய் வயரை மாட்ட வேண்டும். இதுவரை இரண்டு தடவை மாட்டியிருக்கிறேன். இரண்டும் ‘லெட்ஸ் கோ அவே ஃபார் அவைல்’ கேட்பதற்காக.