சர்க்கரை குறைத்த கிரான்பெர்ரி சாஸ்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

வீட்டுக்காரருக்கு ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதும், நவம்பரில் வரும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்குக்கு நாங்கள் செய்யும் சாப்பாட்டில் முதலில் மாறியது, கிரான்பெர்ரி என்ற புளிப்பான சின்னச் சிவப்புப் பழத்தில் செய்யும் சாஸ்தான். வழக்கமான செய்முறைப்படி 340 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு கப் சர்க்கரை, அதாவது 200 கிராம். பழத்தில் இயல்பாக உள்ளது 100 கிராமுக்கு வெறும் 4 கிராம். சர்க்கரையை அப்படியே குறைத்தால் புளிப்பு பல்லைக் கூச வைக்கும்.

மாற்று இனிப்புகள் எனக்கு ஒத்துவரவில்லை. எரித்ரிட்டால் போட்டது அடுப்பில் இருக்கும்போது அருமை. ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்ததும் கல்கண்டுப் பொடி மாதிரி நறநறத்தது. ஸ்டீவியாவோ கிரான்பெர்ரியின் கசப்பைக் கிளப்பிவிட்டது. அல்லுலோஸ் பரவாயில்லை, நறநறக்காது. ஆனால் விலை?

நிலைத்தது இதுதான்: இனிப்பைக் கூட்டாமல் புளிப்பை அடக்குவது. பழத்தோடு அரை கப் ஆரஞ்சு ஜூஸ், கொஞ்சம் தண்ணீர், தோலோடு துருவிய ஒரு ஆப்பிள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு பட்டை. கொதி வந்ததும் கால் டீஸ்பூன் சமையல் சோடா. குபுகுபுவென்று இளஞ்சிவப்பு நுரை பொங்கும், அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். சோடா அமிலத்தைக் கொஞ்சம் முறித்துவிடுவதால் ஒரு கப்பில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையே போதும். சோடா கூடினால் நிறம் கறுத்து, சோப்பு வாடை வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பழங்கள் பட் பட்டென்று வெடித்து அடங்கும். சர்க்கரையை அப்புறம் போடுங்கள், ஒரு ஸ்பூன் எடுத்து ஆறவைத்து ருசி பாருங்கள். ஆறினால் இனிப்பு குறைவாகத் தெரியும். சூட்டில் சரியாக இருப்பது மேஜையில் புளிக்கும்.

ஆப்பிள், ஜூஸில் உள்ளதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மொத்தச் சர்க்கரை பாதிதான் குறைகிறது. 'சர்க்கரையே இல்லை' என்று சொல்ல முடியாது. சர்க்கரைக்காரர்கள் இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. சாஸை ஜெல்லி மாதிரி இறுக்குவது பழத்தில் உள்ள பெக்டின்; அது இறுக நிறைய சர்க்கரை வேண்டும். இது கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகாது, கூட்டு பதத்தில்தான் நிற்கும். சியா விதை ஒரு ஸ்பூன் போட்டால் கெட்டிப்படும், பார்க்கத்தான் சகிக்காது. சர்க்கரை குறைவதால் ரொம்ப நாளும் தாங்காது. நான் நாலைந்து நாளில் முடித்துவிடுவேன், மீதியை ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

நவம்பரில் விலை இறங்கும்போது கூடுதலாகப் பாக்கெட் வாங்கி அப்படியே ஃப்ரீசரில் போடுகிறேன். உறைந்த பழத்தை இளக்காமலே அடுப்பில் ஏற்றலாம். அதில் பாதி சாஸுக்குப் போவதில்லை: நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டுத் தொக்காகிவிடுகிறது. அதற்கு ஒரு சின்னத் துண்டு வெல்லம் போதும். டின்னிலிருந்து உருளையாக விழும் ஜெல்லிதான் வேண்டும் என்கிற என் பையன்கூட தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொள்கிறான்.