மொன்றியல் பேகல்: எந்த வரிசையில் நிற்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

மொன்றியலுக்கு விருந்தாளி வந்தால் மவுண்ட் ராயல் மலை, பழைய துறைமுகம், அப்புறம் பேகல் என்கிற வளைய ரொட்டி. மலையையும் துறைமுகத்தையும் நினைத்த நேரத்தில் பார்த்துவிடலாம், பேகலுக்குத்தான் வரிசை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் மைல் எண்ட் என்ற பகுதிப் பக்கம் போனால் செயின்ட் வியாட்டர் கடை வாசலில் நடைபாதை வரை ஆட்கள் நிற்பார்கள். நடந்தால் பத்து நிமிடத்துக்குள் வரும் ஃபேர்மவுண்ட் கடையிலும் அதே கதை.

வயதில் மூத்தது ஃபேர்மவுண்ட். ஷ்லாஃப்மன் குடும்பத்தார் 1919இல் தொடங்கி, 1949இல் இப்போதுள்ள தெருவுக்கு வந்தார்கள். செயின்ட் வியாட்டர் 1957இல் வந்தது. இரண்டிலும் மாவைக் கையால் உருட்டி வளையமாக்கி, தேன் கலந்த கொதிநீரில் போட்டு எடுத்து, விறகடுப்பில் சுடுகிறார்கள். எது ருசி என்று கேட்டால் இந்த ஊரில் சண்டை வரும். எனக்கு அதில் ஆர்வமில்லை. சீக்கிரம் கையில் கிடைப்பது எது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒன்று: வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நியூயார்க் பேகல் கடைகளில் ஒவ்வொருவருக்கும் பேகலை வெட்டி, கிரீம் சீஸ் தடவி, மீன் துண்டு அடுக்கிக் கொடுப்பார்கள். அங்கே பத்துப் பேர் என்றாலே கால் கடுக்கும். இந்த இரண்டு கடைகளிலும் பெரும்பாலும் நடப்பது எண்ணிப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. கிரீம் சீஸ் வேண்டுமானால் டப்பாவாக வாங்கிப் போகலாம். அதனால் இருபது பேர் நின்றாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். மாறாக, காலையும் மதியமும் சேர்த்துச் சாப்பிடும் ஒரு ப்ரஞ்ச் உணவகத்தில் எனக்கு முன்னால் நாலு குடும்பங்கள்தான் இருந்தன. முக்கால் மணி நேரம் நின்றேன்.

இரண்டுக்குள் செயின்ட் வியாட்டர் எனக்குக் கொஞ்சம் முன்னால். எள்ளுப் பேகல் அங்கே ஓயாமல் அடுப்பிலிருந்து வந்துகொண்டிருக்கும், கேட்பவர்களும் பெரும்பாலும் அதையேதான் கேட்பார்கள். ஃபேர்மவுண்டில் வகைகள் ஏராளம். முன்னால் நிற்பவர் ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினால் முடிந்தது. பிள்ளைகளோடு போகிறீர்கள், சாக்லேட் போட்டதும் வேண்டும் என்றால் மட்டும் ஃபேர்மவுண்ட். வாசலில் நின்று எதையும் முடிவு செய்யாதீர்கள். "எள்ளு ஒரு டசின், கசகசா அரை டசின்" என்று தயாராகப் போங்கள்.

இதையெல்லாம் விடச் சுலபமான வழி நேரத்தை மாற்றுவது. இரண்டுமே இரவு பகலாகத் திறந்திருக்கும் கடைகள் என்று பெயர் வாங்கியவை. வார நாளில் காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் வேலைக்குப் போகிறவர்கள் சிலர்தான் இருப்பார்கள். நள்ளிரவு தாண்டிப் போவதும் நல்ல யோசனை, ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் வேண்டாம். மதுக்கடைகள் மூடியதும் பசியோடு ஒரு கூட்டம் கிளம்பி வரும். ஜனவரியில் மைனஸ் இருபதில் போனால் வரிசை குறைவாக இருக்கும், இருந்தாலும் பத்து நிமிடம் பத்து மணி நேரம் போலத் தோன்றும். பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் நம்மவர்களுக்கு 80ஆம் இலக்க பஸ் போதும். கார் எடுத்தால் நிறுத்த இடம் தேடுவது வரிசையை விட நீளும்.

உட்கார்ந்து சாப்பிட ஆசையென்றால் மொன் ரோயல் அவென்யூவில் செயின்ட் வியாட்டரின் கஃபே உண்டு. அங்கே காத்திருப்பது மேசைக்காக, அவசரக்காரர்களுக்கு ஏற்றதல்ல.

வரிசையே வேண்டாம் என்றால் சூப்பர் மார்க்கெட்டில் செயின்ட் வியாட்டர் பெயர் போட்ட பை கிடைக்கும். வாங்க எளிது. ஆனால் பேகல் அடுப்பை விட்டு இறங்கிய சில மணி நேரத்திலேயே விறைக்கத் தொடங்கிவிடும், கடையில் கையைச் சுடுகிற பையோடு இதை ஒப்பிடவே முடியாது. வீட்டுக்கு வேண்டும் என்றால் நான் செய்வது வேறு: மாதம் ஒருமுறை அதிகாலையில் போய் மூன்று டசின் வாங்கி, அன்றைக்கே பாதியாக வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். டோஸ்டரில் போட்டால் ஐந்து நிமிடம். அம்மா அதற்குக் கிரீம் சீஸ் தொடமாட்டார், பாணுக்குப் போல இடிச்ச சம்பல்தான்.