பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைகளுக்கு ஓ-ரிங்: டப்பாவாக வாங்கலாமா, சில்லறையாக வாங்கலாமா?

பரணில் இருந்து அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்தால், எங்கள் ஜி.ஐ. ஜோ படையில் பதினொரு பேரில் ஏழு பேர் இடுப்போடு இரண்டாகக் கிடக்கிறார்கள். நானும் தம்பியும் தொண்ணூறுகளில் பரீட்சை லீவுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை. ஒன்றைக்கூட தூக்கிப் போட மனசு வரவில்லை. பழுது பார்க்க என்னென்ன வாங்கினேன், எது உழைத்தது, எது காசுக்குப் பிரயோஜனம் இல்லை என்று எழுதுகிறேன், இதே பெட்டி உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்.

இந்த மூணேமுக்கால் அங்குல பொம்மைகளை அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி 1982-ல் கொண்டுவந்தது. நமக்குக் கிடைத்தது ஃபன்ஸ்கூல் தயாரிப்பு, எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் கைகோத்து 1987-ல் தொடங்கிய கம்பெனி. 1994-ல் அங்கே அந்த வரிசை நின்ற பிறகும் இங்கே வந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் நம் வயதுக்காரர்கள் இத்தனை பேரிடம் ஒரு டியூக்கோ ஸ்னேக் ஐஸோ இருக்கிறது.

உள்ளே இருக்கும் சங்கதி ரொம்ப எளிமை. முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரண்டு ஓடாகப் பிரியும், தலையும் கைகளும் தானாகக் கையில் வந்துவிடும். ஸ்க்ரூ இறங்கும் தூணில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் (இதுதான் ஓ-ரிங்) மாட்டி, இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாகக் கீழே வந்து, கால் இரண்டையும் தாங்கும் டி வடிவ உலோகக் கொக்கியை இழுத்துப் பிடித்திருக்கும். மொத்த உடம்பும் நிற்பது அந்த ஒரு வளையத்தின் இழுப்பில்தான். யார் செய்த ரப்பராக இருந்தாலும் முப்பது வருஷத்தில் காற்றுப் பட்டே இறுகி வெடித்துவிடும், எங்கள் ஃப்ளின்ட் பொம்மையைத் திறந்தபோது வளையம் காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி நாலு துண்டாக உதிர்ந்தது.

முதலில் ஆன்லைனில் பல சைஸ் கலந்த நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் டப்பா ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கினேன். ரப்பர் நன்றாகவே இருக்கிறது, இழுத்தால் நீண்டு விட்டால் சரியாகத் திரும்புகிறது, ஆனால் எங்கள் பொம்மைகளுக்குப் பொருந்தியது ஒரே ஒரு அறையில் இருந்தவை மட்டும்தான்: வெளிவிட்டம் சுமார் 14 மில்லிமீட்டர், தடிமன் இரண்டுக்கு மேல், இரண்டரைக்குள். மீதியெல்லாம் குழாய்க்கும் மிக்ஸிக்கும்தான். அப்புறம் தெருமுனை பிளம்பிங் சாமான் கடைக்குப் போனேன். "எந்தக் குழாய்க்கு சார்?" என்றார் கடைக்காரர். இடுப்புத் துண்டையும் கொக்கியையும் எடுத்துக் கல்லாவில் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு வளையமாக அதில் மாட்டி இழுத்துப் பார்த்து, ஐந்து ரூபாய் வீதம் பத்து எடுத்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாயில் வேலை முடிந்தது! என்னைக் கேட்டால் சில்லறையாகவே வாங்குங்கள், பொம்மையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கெட்டியாக நிற்கட்டும் என்று சின்ன வளையமாகப் போட்டால் அந்த இழுப்பு முழுக்க இடுப்புத் துண்டின் மெல்லிய அடிப்பகுதியில் விழும், அது உடைந்தால் ஒட்டி நிற்பது கஷ்டம். கலர் கலராக வரும் சிலிகான் வளையம் பார்க்க மெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் கொக்கி முனையில் சின்னக் கீறல் பட்டாலே கிழிந்துவிடுகிறது. நான் போட்ட இரண்டும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

கொக்கி துருப்பிடித்துப் போன ஒரு பொம்மைக்கு வீட்டிலேயே செய்தேன். ஒரு மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை மூக்குக் குறடால் பிடித்து, தண்டிலிருந்து வலப்பக்கம் வளைத்து, மடித்துத் திரும்ப இடப்பக்கம் கொண்டுபோய், மறுபடி மடித்து நடுவுக்கு வந்து மேலே ஏற்ற வேண்டும். ஒரே கம்பியில் டி வந்துவிடும், பற்றவைப்பே வேண்டாம். மேல்முனையை வளைத்துக் கொக்கியாக்கி, நுனியை மட்டும் அரத்தால் வழவழப்பாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புது வளையத்தையே அறுத்துவிடும்.

அதிகம் நேரம் எடுத்தது கட்டைவிரல்தான். சின்ன வயதில் துப்பாக்கியைக் கையில் அழுத்திச் சொருகிச் சொருகி ஸ்டார்ம் ஷேடோவுக்கு வலது கட்டைவிரல் போயிருந்தது. இரண்டு பாகத்தைச் சமமாகப் பிசையும் சிலிகான் களிமண், ரெசின் நகை செய்பவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். அதே அளவுக் கை உள்ள இன்னொரு பொம்மையின் விரலில் அதை அழுத்தி அச்சு எடுத்தேன், எப்பாக்ஸி ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் வெளியே வந்த விரல் ஒரு அரிசிமணி அளவு, அதில் நகம்கூடத் தெரிந்தது. கையிலும் விரலிலும் கைத்துளைப்பானால் மெல்லிய ஓட்டை போட்டு, நடுவில் அரை மில்லிமீட்டர் கம்பி வைத்து ஒட்டினேன், வெறும் பசையை மட்டும் நம்பி ஒட்டினால் நிற்காது. பெயிண்ட் அடித்த பிறகும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் ஒரு பிடி கூடுதல்தான். அந்தக் கையில் இப்போது வாள் கொடுப்பதில்லை, இடது கையில்தான்.

விற்க நினைப்பவர்கள் எந்த பாகம் வீட்டில் செய்தது என்று வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வளையம் மாற்றுவதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, விரலும் கொக்கியும் அப்படியில்லை.

ஏழு பேரில் ஆறு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஏழாவதுக்கு இடுப்புத் துண்டே உடைந்திருக்கிறது, அதே மாடலில் ஒன்று கிடைக்கும் வரை அவனைத் துண்டு துண்டாக ஒரு ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் தம்பி தன் மகனோடு ஊருக்கு வருகிறான், ஃப்ளின்ட் தம்பியுடையது.