மயெக்டமி: ஊசி கேட்காத இமை இழுப்புக்கு

ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று பலன் பார்க்கிற கண் துடிப்பு இதில் சேராது. அது தூக்கம் கெட்டால் வரும், தானாகவே அடங்கும். இங்கே பேசுவது பிளெஃபரோஸ்பாசம் என்ற இமை இழுப்பும், அதற்காகக் கண்ணை மூடும் தசையை வெட்டி எடுக்கும் மயெக்டமி என்ற அறுவையும். இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொள்ளும். ரோட்டைக் கடக்க இமையை விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பெரும்பாலும் ரத்தக்குழாய் முக நரம்பை அழுத்துவதுதான் காரணம். அதற்கு இந்த அறுவை இல்லை.

முதலில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசிதான். அமெரிக்காவில் 1989இல் அனுமதி கிடைத்த மருந்து. தொடக்கத்தில் ஒரு இடத்துக்கு 1.25 முதல் 2.5 யூனிட், சில நாளில் பிடிக்கும், சுமார் 3 மாதம் நிற்கும். மேல் இமையின் நடுவில் குத்தினால் மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவி இமை தொங்கிவிடும். அதனால் இரு ஓரங்களில்தான் போட வேண்டும். 'ஊசி கேட்கலை' என்பவர்களில் பலருக்குக் கோளாறு அளவிலும் இடத்திலும்தான். எங்கே, எத்தனை யூனிட் போட்டார்கள் என்ற குறிப்பைக் கையில் வாங்காமல் அறுவைக்குத் தலையாட்டக் கூடாது.

அறுவையில் மேல் இமை மடிப்பில் கீறி, கண்ணை மூடும் ஆர்பிகுலாரிஸ் தசையைப் புருவம் வரை உரித்தெடுக்கிறார்கள். இமை விளிம்பில் மட்டும் மெல்லிய பட்டை விடுவார்கள். அதையும் வழித்தால் இமைமயிரின் வேர் போகும். நெற்றி சுளிப்பும் சேர்ந்திருந்தால் புருவத்திடைத் தசைகளும் எடுபடும். கீழ் இமையை அதே நாளில் தொடாமல் இருப்பது நல்ல சர்ஜனுக்கு அடையாளம். நாலு இமையையும் ஒரே மூச்சில் அறுத்தால் நிணநீர் வடிய வழியின்றி வீக்கம் மாதக்கணக்கில் நிற்கும்.

இந்த அறுவைக்கு முழு மதிப்பெண் தர முடியாது. இழுப்பைக் கிளப்பும் கோளாறு மூளையில், கத்தி படுவது தசையில். ஆகவே பலருக்குப் பிறகும் ஊசி வேண்டியிருக்கிறது. ஆனால் அளவு குறையும், நன்றாகப் பிடிக்கும். இமை இறுகவில்லை, புருவத்தை உயர்த்தியும் திறக்கவில்லை என்றால் இமையை நெற்றித் தசையோடு சிலிக்கான் கயிற்றால் இணைக்கும் ஸ்லிங் தனியாகத் தேவைப்படலாம். முக நரம்பையே வெட்டும் பழைய முறையை யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்: வாய் கோணும், இழுப்பும் திரும்பும்.

ரத்தம் இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரிடம் கேட்க வேண்டும். அறுவைக்குப் பின் முதல் 2 நாள் ஐஸ் ஒத்தடம், தலையணை உயரமாக. நெற்றி மரத்துப்போவது பெரும்பாலும் மெல்லச் சரியாகும். கண் முழுதாக மூடாதவர்களுக்கு இரவில் களிம்பு கட்டாயம். விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். வலியோடு கண் கல்லாக வீங்கிப் பார்வை மங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே ஓட வேண்டும்.

அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்குப் போக வேண்டிய இடம் ஆக்குலோபிளாஸ்டி (இமை, கண்ணைச் சுற்றிய பகுதி அறுவை) பிரிவு, கண்புரை ஓ.பி.யில் டோக்கன் போட்டால் அரை நாள் வீண்.